இருபத்தேழு பச்சை அட்டைகள்

"இருபத்தேழு அட்டை, தங்கச்சி. இருபத்தேழும் பச்சை."

ஜெசிந்தா வீட்டுக் கதிரையில் இருந்ததும் அருந்தவராசா சொன்ன முதல் பேச்சு இது.

அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. உப அதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். ஜெசிந்தாவுக்கு முப்பத்தாறு. ஆனாலும் இந்தத் தொழிலில் அவள்தான் அவருக்குக் குரு.

கூட்டம் நடத்திக் கொடுக்கிற தொழில். வெளிநாட்டு உதவியில் ஓடுகிற திட்டக்காரர்களைக் கூட்டி இருத்தி, மூன்று வருஷத்தில் என்ன கிழித்தோம், இனி என்ன செய்யப்போகிறோம் என்று அவர்கள் வாயாலேயே சொல்லவைக்க வேண்டும். கேட்க லேசுதான். நடத்திப் பார்த்தவனுக்குத் தெரியும்.

ஜெசிந்தா பிள்ளை பெற்று வீட்டோடு இருந்ததால் இந்த முறை மீளாய்வு அவர் தலையில் விழுந்தது.

மனுசன் குறையைக் கொட்டினார். சரிவந்த வேலைக்குப் பச்சை அட்டை, இழுபடுகிற வேலைக்கு மஞ்சள், பாழாய்ப்போன வேலைக்குச் சிவப்பு. உங்கள் வேலை எப்படி இருக்கிறதென்று பார்த்து ஒட்டுங்கள் என்றாராம். எல்லாரும் பச்சையைத் தூக்கிக்கொண்டு சுவருக்கு ஓடினார்களாம். வெளிநாட்டிலிருந்து வந்த பணிப்பாளர் அம்மா முன்வரிசையில் இருந்து சந்தோஷமாகப் படம் எடுத்தாராம். நாளை மத்தியானம் புதுத் திட்டத்தில் கையெழுத்து. கடற்கரைப் பக்கம் இன்னும் நாற்பது கிணறு.

"இப்ப வெட்டின கிணறே சரியில்லை எண்டு காத்துவாக்கில கதை வருது. கேட்டால் எல்லாற்ற வாய்க்குள்ளயும் கொழுக்கட்டை. அந்த நாற்பதும் பிழைச்சால் சனம் இன்னும் மூண்டு வருஷம் குடத்தோட நடக்கும், தங்கச்சி."

ஜெசிந்தா பிள்ளையை அவர் மடியில் வைத்துவிட்டுக் குசினிக்குப் போனாள். தேத்தண்ணியோடு வந்தாள்.

அவர் ஒரு மிடறு குடித்தார். பிள்ளையைப் பார்த்தார். இன்னொரு மிடறு குடித்தார்.

"தேத்தண்ணி நல்லாயிருக்கோ அண்ணை?"

"அருமை."

"சீனி போடேல்லை. உப்பல்லோ போட்டனான்."

அருந்தவராசா கோப்பையைக் கீழே வைத்தார்.

"நீர் உம்மட கையால போட்டுத் தந்தது. முகத்துக்கு நேர என்னெண்டு சொல்லுறது?"

"நானும் உங்களை மாதிரி, நல்லாயிருக்கோ எண்டுதானே கேட்டனான்," என்றாள். பிள்ளையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

வீடு போய்ச் சேரும்வரை அவருக்கு வாயில் உப்பு.

அடுத்த நாள் காலை அவர் அட்டைக் கட்டைத் தொடவேயில்லை. கதிரைகளை வட்டமாகப் போடச் சொன்னார். பணிப்பாளர் அம்மாவுக்கும் அதில் ஒன்று. கடைசியாகக் கிராமத்துக்குப் போனபோது யார் வீட்டில் என்ன குடித்தீர்கள் என்று கேட்டார்.

இதென்ன கேள்வி ஐயா என்று சிரித்தார்கள். ஆனாலும் சொன்னார்கள். ஒருவர் இளநீர் என்றார். இன்னொருவர் மோர், அதுவும் மூன்று தம்ளர்.

கிணற்று வேலைக்குப் பொறுப்பான சுபத்திரையின் முறை வந்தது. சுவரில் ஆறு பச்சை அவளுடையவை.

"மரியபுஷ்பம் அக்கா வீட்டில," என்றாள். "பால் தேத்தண்ணி போட்டவ. பால் திரைஞ்சு போச்சு. ஊத்திப்போட்டுத் திரும்பப் போட்டவ. அதுவும் திரைஞ்சு போச்சு. வந்த ஆளுக்கு ஒரு தேத்தண்ணி குடுக்க ஏலாமல் போச்சே எண்டு அழுமாப்போல நிண்டவ. கடைசியில கடைச் சோடாதான் குடிச்சனான்."

அருந்தவராசா கதிரையை முன்னுக்கு இழுத்தார்.

"எந்தத் தண்ணியில போட்டவ, பிள்ளை?"

"நாங்கள் வெட்டின கிணத்து உப்புத் தண்ணியில, ஐயா."

மொழிபெயர்க்கிறவர் பணிப்பாளர் அம்மாவுக்குச் சொல்லி முடிக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. அதற்குள் சுபத்திரை எழும்பிப் போய் ஆறு பச்சையையும் கழற்றிவிட்டாள். மோர் குடித்தவரும் எழும்பி, தன்னுடையதில் இரண்டைக் கழற்றினார்.

பணிப்பாளர் அம்மா கையெழுத்துக்கென்று வைத்திருந்த பேனாவை மூடிப் பைக்குள் வைத்தார். நல்ல தண்ணீர் எங்கே கிடைக்குமென்று அந்த மரியபுஷ்பத்துக்காவது தெரியுமா என்று கேட்டார்.

"தெரியும்," என்றாள் சுபத்திரை. "ஒவ்வொரு நாளும் அங்கதானே நடக்கிறவ."

அருந்தவராசா எழும்பி, கிராமத்துக்கு வாகனத்தை எடுக்கச் சொன்னார்.