ஓலை வாசித்தபோது பெட்டி சொன்ன தடை

விவேகபுரத்துக்கு அந்தப் பெயரை வைத்த துரை, ஊர்க்காரர்களைப் பார்ப்பதற்கு முன்னாலேயே வைத்துவிட்டுக் கப்பல் ஏறியிருக்க வேண்டும். பார்த்திருந்தால் வேறு பெயர் வைத்திருப்பார். இல்லாவிட்டால் ஊரையே வைத்திருக்கமாட்டார்.

செம்மணல் தேரிக்காட்டு ஓரமாக ஊர். ஊர் நடுவில் வேதக்கோயில். கோயிலுக்கு ஒரு கமிட்டி. செயலர் வேதக்கண், பொருளாளர் ஏசுவடியான், மணியடிக்கிற மாசிலாமணி. சந்தையில் ஒரு கத்தரிக்காயை நாலு தரம் அமுக்கிப் பார்த்து, சொத்தை என்று சண்டை போட்டு, பாதி விலைக்குக் கேட்கிற ஆட்கள்தான் மூவரும். ஆனால் எவனாவது மைக்கைப் பிடித்துச் சொல்லிவிட்டால் தீர்ந்தது. அமுக்கிப் பார்க்காமல் அப்படியே வாங்கிக்கொள்வார்கள்.

சேகரத்துப் பாதிரியாரான ஐயருக்கு ஏகப்பட்ட கோயில்கள். ஒரு ஞாயிறு அவசர அவசரமாகப் பிரசங்கம் பண்ணிவிட்டுப் போனார். "இந்தச் செயற்கை நுண்ணறிவு நம்ம வீட்டுக்குள்ளயே வந்துட்டு. அதை விசுவாசத்தின் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். எந்த ஆவியையும் நம்பாமல் சோதித்தறியுங்கள். அது நம்மை ஆளக்கூடாது. நமக்கு ஊழியம் செய்யட்டும்."

அவர் பைக் தெருமுனை திரும்புவதற்குள் கமிட்டி கூடிவிட்டது.

"அதை வெளிச்சத்துல வைக்கணும்னாரே, முதல்ல அது வேணுமில்லா?" என்றார் வேதக்கண்.

தூத்துக்குடிக்குப் போய் வாங்கி வந்தார்கள். மிளகு டப்பா அளவில் ஒரு பேசும் பெட்டி. கூடவே, கரண்டு போனால் சார்ஜ் ஏற்ற ஒரு பவர்பேங்க். பெட்டியைக் கொண்டுபோய் ஆல்டர் பீடத்துக்கு மேலே எரிகிற டியூப்லைட்டுக்கு நேர் கீழே வைத்து, மூவரும் கைகட்டி நின்று பார்த்தார்கள்.

"ஏதாவது தெரியுதா வே?"

"கொஞ்சம் தூசி தெரியுது."

அடுத்தது ஆவியைச் சோதிப்பது. வேதக்கண் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஆவிகளைச் சோதிக்க வேதம் சொல்கிறபடி, "இயேசு மாம்சத்தில் வந்தாரா?" என்று கேட்டார்.

"அருமையான கேள்வி! ஆம், கிறிஸ்தவ விசுவாசத்தின்படி அவர் மாம்சத்தில் வந்தார்" என்றது பெட்டி. குழைவான பெண் குரல்.

வேதக்கண் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "அருமையான கேள்வியாம் வே! எத்தனை வருஷமா கமிட்டியில் கேள்வி கேட்டுட்டிருக்கேன். உம்ம வாயில இருந்து ஒரு நாளாவது அப்படி வந்திருக்கா?"

சோதனை அதோடு முடிந்தது. நாலு நல்ல வார்த்தை சொல்லிவிட்டால் சொத்தைக் கத்தரிக்காயும் பிஞ்சுக் கத்தரிக்காய்தான்.

பெண் குரல் ஆனதால் பெட்டியைப் பெண்கள் பக்கம் முன்வரிசையில் வைத்தார்கள். ஜெபவேளையில் பெண்கள் தலையை மூட வேண்டும் என்று வேதத்தில் இருக்கிறதே என்று மாசிலாமணி தன் கைக்குட்டையை எடுத்து அதற்கு முக்காடு போட்டான்.

இந்தக் கூத்தெல்லாம் அவர்களோடு போயிருந்தால் எனக்கென்ன? நடுவில் மாட்டினது கிருபாவதி.

அங்கன்வாடியில் வேலை பார்க்கிற பிள்ளை. இதற்கு முன் இரண்டு இடம் பேசித் தட்டிப்போயிற்று. மூன்றாவதாக அமைந்தவன் பெனியேல், தூத்துக்குடி உப்பு லாரி டிரைவர். இருவருக்கும் மனசு ஒத்துவிட்டது. வியாழக்கிழமை கல்யாணம். ஆடு வாங்கிக் கட்டியாயிற்று. கல்யாணத்தைச் சபைக்கு மூன்று ஞாயிறு அறிவிக்கிற ஓலையில் இரண்டு வாசித்தாயிற்று. மூன்றாம் ஓலை மட்டும் பாக்கி.

அந்த ஞாயிறு ஐயர் வந்து அதையும் வாசித்தார். "இவர்கள் விவாகம் செய்யக்கூடாதபடி ஏதாவது தடை உண்டென்று உங்களில் யாருக்காவது தெரிந்தால் அறிவிக்கக்கடவீர்கள்."

வழக்கமாக அந்த இடத்தில் இரண்டு பேர் இருமுவார்கள். அவ்வளவுதான்.

முக்காட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. "அருமையான கேள்வி! மணமகனுக்கு வயது போதாமல் இருக்கலாம். இருவரும் இரத்த உறவாக இருக்கலாம். மணமகனுக்கு ஏற்கெனவே மனைவி இருக்கலாம். மேலும் விவரம் வேண்டுமா?"

ஐயருக்கு அடுத்த ஊரில் ஆராதனை. "கமிட்டி விசாரிச்சு வைங்க" என்று அங்கியோடே பைக் ஏறிவிட்டார்.

விசாரணை நடந்தது. மாப்பிள்ளைக்கு முன்மண்டை வழுக்கை. ஆகவே வயது போதும். பெண் வீட்டுக்காரர்களுக்குத் தூத்துக்குடியில் கடன்காரன்தான் உண்டு, சொந்தக்காரன் கிடையாது. இரத்த உறவும் இல்லை. மிஞ்சியது பெண்டாட்டி. ஆளனுப்பி பெனியேலை வரவழைத்தார்கள்.

"உமக்குப் பெண்டாட்டி இல்லைன்னு நிரூபிக்கணும்" என்றார் ஏசுவடியான்.

"எப்படி ஐயா நிரூபிக்க?"

"இல்லாத பெண்டாட்டியை இங்க கொண்டு வந்து நிறுத்தும். நாங்க பாத்துட்டு விட்டுருதோம்."

"இல்லாதவளை எப்படி நிறுத்த முடியும்?"

வேதக்கண் ஏசுவடியான் காதில் சொன்னார்: "பாத்தீரா? ஆளைக் காட்டமாட்டேங்கான். ஒளிச்சு வச்சிருக்கான்."

கிருபாவதி பெஞ்சைத் தள்ளிக்கொண்டு எழுந்து வேதக்கண் பக்கம் திரும்பினாள். "சித்தப்பா, தகராறு கிளப்புனது அந்தப் பெட்டி. அதைக் கேட்டீங்களா?" நேராகப் போய் முக்காட்டை உருவினாள். "ஏட்டி, அவருக்குப் பெண்டாட்டி இருக்கான்னு உனக்குத் தெரியுமா?"

"மன்னிக்கவும். அவரைப் பற்றி எனக்கு எந்தத் தகவலும் இல்லை. என் பதிலில் தவறு இருக்கலாம்."

"தெரியாதாம்! தெரியாமத்தான் உளறிச்சாம்! இப்ப கல்யாணத்தை நடத்துவீங்களா மாட்டீங்களா?"

கமிட்டி மூன்று பேரும் அழுதுகொண்டிருந்தார்கள். "மன்னிப்புக் கேட்டுட்டா வே!" என்று விம்மினார் ஏசுவடியான். "இந்தக் கோயில் கட்டின நாளிலருந்து ஒருத்தன் மன்னிப்புக் கேட்டிருக்கானா? நீரு கேட்டிருக்கீரா? நான்தான் கேட்டிருக்கேனா?"

தடை நீங்கியது. ஆனால் மனந்திரும்பின ஆத்துமாவைப் பின்னால் உட்கார வைக்கலாமா? கல்யாணத்தன்று பெட்டிக்குப் புது முக்காடு போட்டு, மணமேடையிலேயே, பெண்ணுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு வைத்தார்கள்.

வியாழக்கிழமை. ஐயர் மாப்பிள்ளையிடம் கேட்டார். அவன் "ஆம்" என்றான். பிறகு பெண் பக்கம் திரும்பினார். "இந்த மனுஷனை உன் புருஷனாக ஏற்றுக்கொள்ளுகிறாயா?"

கிருபாவதி வாயைத் திறந்தாள்.

"ஆம், நிச்சயமாக!" என்றது பெட்டி. "வேறு ஏதாவது உதவி வேண்டுமா?"

வேதக்கண் கையை உயர்த்தினார். "ஐயா, கேள்வி ஒண்ணு, பதில் ஒண்ணு. பெண் குரல். சபை சாட்சி. கல்யாணம் முடிஞ்சுபோச்சு."

"யாருக்கும் யாருக்கும்?" என்றார் ஐயர்.

"மாப்பிள்ளைக்கும் பெட்டிக்கும்."

ஏசுவடியான் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "அன்னைக்கே சொன்னாளே வே, மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே மனைவி இருக்கலாம்னு! தீர்க்கதரிசி! நாமதான் அவளைப் போய்ச் சந்தேகப்பட்டோம்."

பெனியேல் ஸ்டூலைப் பார்த்து நின்றான். வெளியே பிரியாணிக்குத் தம் போட்டாயிற்று. ஐயர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்த ஊரிலும் ஒரு கல்யாணம். கிருபாவதி மாலையை இழுத்துச் சரிசெய்தாள்.

"அதை அணைச்சுப் போடுதேன்."

"கொலை!" என்று அலறினான் மாசிலாமணி.

"சரி. மரணம் பிரிக்கும்மட்டும்தானே கல்யாணம்? அதுக்குச் சார்ஜ் எவ்வளவு இருக்கு?"

மாசிலாமணி குனிந்து பார்த்தான். "சிவப்பு லைட்டு எரியுது."

"அப்ப தானாச் சாகட்டும். ஏட்டி, வேதத்துல நாளாகமத்துல இருக்க வம்ச வரலாறு பூராத்தையும் சத்தமா வாசி!"

பெட்டி ஆதாமில் ஆரம்பித்தது. சேத், ஏனோஸ், கேனான் என்று சந்ததி சந்ததியாக இறங்கியது. சபையில் பாதிப் பேர் தூங்கிப்போனார்கள். ஏசாவின் பிள்ளைகளுக்கு வரும்போது குரல் கம்மியது. "எலீப்பாஸ்… ரெகுவேல்…" சிவப்பு லைட் அணைந்தது.

மாசிலாமணி ஓடிப்போய்த் துக்கமணி அடித்தான்.

"மாப்பிள்ளை இப்ப பெண்டாட்டி செத்தவர்" என்று கமிட்டி அறிவித்தது. ஐயர் மூச்சு விடாமல் மறுபடியும் கேட்டார். கிருபாவதி சொன்ன "ஆம்" பக்கத்து ஊர்வரைக்கும் கேட்டிருக்கும். தாலி ஏறியது. பெண்ணும் மாப்பிள்ளையும் பிரியாணிக்குக்கூட நிற்காமல், பூ ஜோடித்த உப்பு லாரியில் ஏறிப் பறந்துவிட்டார்கள். பிழைத்தார்கள். ஐயரும் பைக்கை உதைத்துக் கிளம்பினார்.

கமிட்டிக்கு வேலை முடியவில்லை. கிடப்பது மாப்பிள்ளையின் மூத்த தாரம், சபையில் முன்வரிசைக்காரி. அடக்கம் பண்ண வேண்டாமா? பிஸ்கட் டின் ஒன்றில் வெள்ளைத்துணி விரித்துப் படுக்கவைத்தார்கள். "அவ பொருள் அவளோட போகட்டும்" என்று மாசிலாமணி பவர்பேங்கையும் உள்ளே வைத்தான். வைத்தவன் சும்மா வைக்கவில்லை. வயரைச் செருகியே வைத்தான்.

கல்லறைத் தோட்டத்தில் குழிக்குள் டின்னை இறக்கினார்கள். வேதக்கண் புத்தகத்தைப் பிரித்து உருக்கமாக வாசித்தார்.

"மரணமே! உன் கூர் எங்கே?"

குழிக்குள்ளிருந்து குரல் வந்தது. "அருமையான கேள்வி! கூர் உங்கள் அருகில்தான் இருக்கிறது. இடப்புறம் திரும்பி நேராகச் செல்லுங்கள்."

உயிரோடு எழுந்துவிட்டாளே, மாப்பிள்ளைக்கு இப்போது இரண்டு பெண்டாட்டியா என்று யாருக்கும் தோன்றவில்லை. மூவரும் இடப்புறம் திரும்பி நேராகப் போனார்கள். இடப்புறம் முழுக்க உடைமரத்து முள். வேட்டி கிழிய, முழங்கால் கிழிய, உள்ளே நுழைந்தார்கள்.

"கிடைச்சிட்டு வே!" செருப்பைத் துளைத்து உள்ளங்காலில் தைத்த விரல்நீள முள்ளைப் பிடுங்கி உயர்த்திக் காட்டினார் ஏசுவடியான். "மரணத்தோட கூர்! எத்தனை பெரிய ஐயர்மார் எத்தனை அடக்கத்துல கேட்டாங்க! ஒருத்தருக்காவது வழி சொல்ல ஆள் இருந்துச்சா?"

"அடுத்ததையும் கேட்டுருவோம்!" வேதக்கண் முள்ளுக்குள் நின்றபடியே குழியைப் பார்த்துக் கூவினார். "பாதாளமே! உன் ஜெயம் எங்கே?"

"அப்படியே நேராகச் செல்லுங்கள்" என்றது பெட்டி.

முள்ளுக்கு அந்தப் பக்கம் ஒரு பாழுங்கிணறு. நல்லவேளை, தண்ணீர் இடுப்பளவுதான். செருப்பைக் கரையில் ஜோடி ஜோடியாகக் கழற்றி வைத்துவிட்டு, ஒருவர் பின் ஒருவராக இறங்கினார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து மாசிலாமணியின் குரல் கேட்டது. "இங்க ஒண்ணையும் காணல! இன்னும் கீழே தோண்டணுமான்னு யாராவது அவகிட்ட கேட்டுச் சொல்லுங்க!"