உடையாத ஆணி

"அம்மா, வளையாமல் நிக்கிறது பிழையோ?"

கேட்டவர் குணநாயகம். யன்னலோரம் சட்டியில் வைத்திருந்த கறிவேப்பிலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த அம்மா திரும்பிப் பார்க்கவில்லை.

"ஆர் உங்களை வளையச் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. நிரோஜா போன் எடுத்தவள். ஞாயிற்றுக்கிழமை காலமை பிள்ளையைக் கொண்டு வாறாளாம்."

"நல்லதுதானே."

"வாறன் எண்டவள். வேறொண்டும் சொல்லேல்லை."

நிரோஜா அவருடைய ஒரே மகள். நான்கு வருடங்களுக்கு முன் அவருக்குச் சொல்லாமல் தான் விரும்பியவனைக் கலியாணம் செய்தவள். படம் அனுப்பியிருந்தாள். குணநாயகம் அதைத் திறந்து பார்க்கவில்லை. மன்னிப்பு என்று அவள் வாயால் ஒரு சொல் வரட்டும், அதற்குப் பிறகு பேசலாம் என்று மனைவியிடம் சொல்லியிருந்தார். மனைவி காத்திருந்து காத்திருந்து போய்ச் சேர்ந்துவிட்டாள். சாவீட்டில் தகப்பனும் மகளும் பெட்டியின் இரண்டு பக்கத்திலும் நின்றார்கள். அன்றைக்கும் அந்தச் சொல் வரவில்லை. இவரும் கேட்கவில்லை. இப்போது அவளுக்கு ஒரு ஆண்பிள்ளை.

"ஒரு சொல்லுத்தானே அம்மா. அது வராமல் நான் எப்பிடி முகம் குடுக்கிறது? பிள்ளையைக் காட்டி என்னை மடக்கப் பாக்கிறாள். நான் மடங்காத ஆள். அதுவும் ஒரு பலம்தானே?"

அம்மா சட்டியைத் திருப்பி, வெளிச்சம் படாத பக்கத்தை யன்னலுக்குக் காட்டி வைத்தார்.

"இந்தக் கிழமை பனி கொட்டுமாம். பனி தள்ள டிரக்டரைப் பாத்தியளோ, அண்ணை?"

அவ்வளவுதான் பதில்.

அம்மாவுக்கு அவரைவிடப் பதினைந்து வயது குறைவு. முன்பு பள்ளிக்கூட பஸ் ஓட்டினவர். ஒருநாள் ஓட்டுவதை நிறுத்தினார். கனடாவின் ஒரு சின்ன நகரத்தைத் தாண்டி, சோள வயல்களுக்கு நடுவில் இருந்த இந்தப் பழைய வீட்டில் வந்து இருந்துவிட்டார். சும்மா இருப்பவரைப் பார்க்கவும் ஆட்கள் வந்தார்கள். சிலர் தங்கினார்கள். குணநாயகம் அப்படித் தங்கியவர். அவர் அம்மா என்பார். அம்மா அவரை அண்ணை என்பார். அதில் இரண்டு பேருக்கும் குழப்பமில்லை.

வீட்டுக்கும் ரோட்டுக்கும் இடையில் நீளமான சரளைக்கல் பாதை. ரோட்டில் நிற்கும் கார் வீட்டிலிருந்து பார்த்தால் தீப்பெட்டி அளவு. பனி விழுந்து மூடினால் உள்ளே இருப்பவர் உள்ளே, வெளியே இருப்பவர் வெளியே.

பக்கத்துப் பண்ணைக்காரர் தன்னுடைய பழைய பனி வீசும் இயந்திரத்தைக் கொடுத்திருந்தார். அகலமான இரும்பு வாய். அதற்குள் சுருள் சுருளாகக் கத்தி. கத்தி சுழன்று பனியை உள்ளே இழுக்கும். மேலே இருக்கும் குழாய் அதைத் தூர வீசும். வீட்டோடு இருந்த உழவு டிரக்டரின் பின்பக்கத்தில் அதைப் பூட்ட வேண்டும். ஆகவே பாதை முழுவதும் கழுத்தைத் திருப்பிக்கொண்டு பின்பக்கமாகத்தான் ஓட்ட வேண்டும்.

"பின்னால பாத்துக்கொண்டே போறதோ?" குணநாயகம் முகம் சுளித்தார்.

"உங்களுக்குப் பழக்கம்தானே," என்றார் அம்மா.

குணநாயகம் கேட்காததுபோல் சங்கிலியை எடுத்தார்.

அவர் வேலை தெரிந்தவர். ஊரில் இரும்புக் கிறில், கேற்று செய்யும் பட்டறை வைத்திருந்தவர். பெரிய சில்லுகளுக்குச் சங்கிலி சுற்றினார். முன்பக்கம் தூக்காமல் இருக்க மணல் மூட்டை கட்டினார். கல்லை வாரிவிடாதபடி இயந்திரத்தின் அடியை விரல் உயரம் தூக்கி வைத்தார். பனி மூடினாலும் பாதையின் ஓரம் தெரிய, இரண்டு பக்கமும் தடி நட்டு, தடியின் தலையில் சிவப்புத் துணி முடிந்தார்.

இயந்திரத்தோடு ஒரு தகரப்பேணி வந்திருந்தது. திறந்தால், நிறையச் சின்ன ஆணிகள்.

"இதென்ன, அண்ணை?"

"டிரக்டர் சுத்திற தண்டையும் கத்தியையும் இந்த ஆணிதான் சேத்துப் பிடிக்குது. உடைஞ்சா மாத்தச் சொன்னவர் பண்ணைக்காரர்." குணநாயகம் ஒன்றை எடுத்து அரத்தால் இழுத்துப் பார்த்தார். சிரித்தார். "மெத்து இரும்பு, அம்மா. பேணி நிறையத் தந்திருக்கிறார். எவ்வளவு உடையுமெண்டு அவருக்கே தெரிஞ்சிருக்கு."

அம்மா பேணியை வாங்கிக் காதருகில் வைத்துக் குலுக்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

வியாழக்கிழமை முதல் பனி விழுந்தது. குணநாயகம் இறங்கினார். பனி வில்லுப்போல் வளைந்து வயலில் போய் விழுந்தது. சின்னப் பிள்ளைபோல் அவருக்குச் சந்தோஷம். பிறகு, 'டக்'. டிரக்டர் உறுமிக்கொண்டிருந்தது. கத்தி நின்றுவிட்டது.

உறைந்துபோன ஒரு விறகுக்கட்டை. ஆணி இரண்டு துண்டு.

மாற்றினார். கொஞ்சத் தூரம் போனதும் மறுபடி 'டக்'. இந்த முறை பனிக்கட்டி. மறுபடி மாற்றினார். விரல்கள் விறைத்தன. கையுறையோடு ஆணியைப் பிடிக்க முடியாது. கையுறையைக் கழற்றினால் இரும்பு தோலைப் பிடித்துக்கொள்கிறது. மூன்றாவது முறை உடைந்தபோது பட்டறையில் பேசிய பேச்செல்லாம் வாயில் வந்தது. அம்மா தேத்தண்ணியோடு பின்னால் நின்றதை அவர் கவனிக்கவில்லை.

"ஆரைப் பேசுறியள்?"

"இந்தச் சனியனைத்தான் அம்மா. ஒரு கட்டை பட்டாலும் உடையுது. ஒரு கட்டி பட்டாலும் உடையுது. மானம் ரோசம் இல்லாத சாமான்."

"என்ன செய்யப் போறியள்?"

"நாளைக்கு ரவுனுக்குப் போறன்."

போனார். கடையில் இருந்ததிலேயே கடினமான உருக்கு ஆணியை வாங்கி வந்தார். அளவு கச்சிதம். சுத்தியலால் தட்டிப் பூட்டியபோது கோயில் மணிபோல் சத்தம் கேட்டது.

"இனி உடையாதோ?" என்றார் அம்மா.

"இனிச் சீவியத்துக்கும் உடையாது."

"ஒண்டும் உடையாதோ?"

"ஒண்டும்."

அம்மா தலையாட்டினார். தகரப்பேணியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

சனிக்கிழமை இரவு முழுக்கக் கொட்டியது. ஞாயிறு விடிய, சிவப்புத் துணிகள் மட்டும் வெளியே தெரிந்தன. தடிகளைக் காணவில்லை. குணநாயகம் தலைக்கு முழுகி, திருநீறு பூசி, அதன்மேல் கம்பளித் தொப்பியை இழுத்துவிட்டு டிரக்டரில் ஏறினார்.

"அவள் வரட்டும்," என்றார். "பாதை திறந்திருக்கும். அதில என்னைக் குறை சொல்லேலாது. பிறகு அவள் வாயைத் திறக்கட்டும்."

அம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

பாதி தூரம் கத்தி வெண்ணெயில் போவதுபோல் போனது. ஒரு கட்டை அகப்பட்டது. கத்தி அதைக் கடித்துத் துப்பியது. ஆணி நின்றது. குணநாயகம் வாய்விட்டுச் சிரித்தார். ஒரு பனிக்கட்டி. அதுவும் தூள். ஆணி நின்றது.

பிறகு ஒரு கல்.

இந்த முறை 'டக்' இல்லை. பட்டறையில் இத்தனை வருடம் இருந்தவர் அப்படி ஒரு சத்தம் கேட்டதில்லை. இறங்கி ஓடிப் பார்த்தார். கத்தியைச் சுழற்றும் பல்சக்கரப் பெட்டி நெடுகப் பிளந்திருந்தது. உள்ளே பற்கள் நொறுங்கிக் கிடந்தன. கறுத்த எண்ணெய் வெள்ளைப் பனியில் இறங்கிக்கொண்டிருந்தது.

பனியில் முழந்தாளிட்டு ஆணியைக் கழற்றினார். துடைத்துப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை. ஒரு வளைவு இல்லை.

அதைக் கையில் பொத்திக்கொண்டு குசினிக் கதவடிக்கு நடந்து வந்தார். அம்மா கதவைத் திறந்தார். குணநாயகம் உள்ளங்கையை விரித்துக் காட்டினார்.

அம்மா ஆணியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நல்ல ஆணி," என்றார். "இனி இதை எதில பூட்டப் போறியள்?"

அம்மா ஆணியைத் திருப்பி அவருடைய கையில் வைத்தார். அவருடைய விரல்கள் தாமாக மூடிக்கொண்டன.

அப்போது போன் அடித்தது. மற்றக் கையால் எடுத்தார்.

"அப்பா." நிரோஜாவின் குரல். "வாசலில நிக்கிறம். உள்ளுக்கு வரேலாது. ரோட்டுப் பனி தள்ளுற லொறி இதில மலை மாதிரிக் குவிச்சிட்டுப் போயிருக்கு."

குணநாயகம் பார்த்தார். பாதையின் கடைசியில், வெள்ளைக்கு நடுவில், ஒரு தீப்பெட்டி நின்றது. நடுப்பாதையில் டிரக்டர் செத்துக் கிடந்தது. அதற்கு அப்பால் இடுப்பளவு பனி.

"பிள்ளை அழுறான். கன நேரம் காருக்க வைச்சிருக்கேலாது." கொஞ்சம் நிறுத்தினாள். "நாங்கள் திரும்பிப் போகட்டோ, அப்பா?"

அவர் காத்திருந்தார். அவளும் காத்திருந்தாள். அந்தச் சொல் வரவில்லை. போனுக்குள் பிள்ளையின் அழுகை மட்டும் கேட்டது. மெல்லிய, கோபமான அழுகை. அதைக் கேட்டதும் குணநாயகத்துக்கு மனைவியின் ஞாபகம் வந்தது. ஏனென்று தெரியவில்லை. நிரோஜா பிறந்த அன்று இப்படித்தான் வீடு முழுக்கக் கேட்டது.

"அப்பா? போகட்டோ?"

"நில்லு, பிள்ளை," என்றார். செருமினார். "நில்லு. நான் வாறன்."

போனைப் பையில் போட்டார். கதவோரம் சாத்தியிருந்த பனி அள்ளும் சவளை வலக்கையால் தூக்கினார். படியில் இறங்கி, முதல் சவள் பனியை அள்ளி வீசினார். இரண்டாவதை அள்ளினார். பாதையின் விளிம்பை ஒரு கண்ணால் அளந்து, நேராக வெட்டத் தொடங்கினார். கிறில் வேலைபோல் கச்சிதமான வெட்டு. இந்த வேகத்தில் ரோட்டுக்குப் போய்ச் சேரப் பின்னேரமாகும்.

"அண்ணை."

திரும்பினார்.

"அதை வைச்சிட்டுப் போங்கோ."

"எதை அம்மா?"

"சவளை."

"வெட்டாமல் எப்பிடி? ஒரு ஒழுங்கான வழி வேண்டாமோ? முதல்ல வழியைச் சரியாக்கிப்போட்டுத்தானே—"

"பிள்ளையை எந்தக் கையால வாங்கப் போறியள்?"

குணநாயகம் தன் கைகளைப் பார்த்தார். ஒன்றில் சவள் இருந்தது. மற்றதில், இன்னும், அந்த ஆணி.