உறைமோர் கேட்காத செம்பாயி

“ஏய்யா, ஊர் ஊரா என்னை இழுத்துக்கிட்டுப் போறியே, எனக்குன்னு ஒரு ஊர் வச்சிருக்கியா நீ? நாளைக்கு நான் செத்தா, ‘ஐயோ, செம்பாயி போயிட்டாளே’ன்னு அழறதுக்குப் பக்கத்து வீட்டுல ஒருத்தி உண்டா?”

இப்படிக் கத்தினாள் செம்பாயி, மூட்டைகளுக்கு நடுவில் மாட்டுவண்டியில் உட்கார்ந்துகொண்டு. சிரிக்காதே ஷைலு, நான் கத்தினது இல்லை, கதையில் வருகிறவள் கத்தினது. காலை மடக்கி ஒழுங்காக உட்கார்.

‘ஒரே ஒரு ஊர்ல’ என்று தொடங்கத்தான் எனக்கும் ஆசை. இவள் ஒரே ஊரில் இருந்தால்தானே? அதனால், பல ஊர்களில் ஒரு பொம்பளை இருந்தாள், பேர் செம்பாயி. அவள் புருஷன் மாசானம், கோட்டைக் கதவைத் திறந்து மூடுகிற வேலைக்காரன். போகிறவன் வருகிறவனுக்கெல்லாம் கதவு திறந்துவிடுவான், தனக்கென்று ஒரு கதவு கிடையாது. ஏன் கிடையாது? அதற்குக் காரணம் அந்த நாட்டு ராஜா.

அந்த ராஜாவுக்கு ஒரு பயம். ஜனங்கள் ஒருத்தரை ஒருத்தர் தெரிந்துகொண்டால் சேர்ந்துகொள்வார்கள், சேர்ந்தால் பேசுவார்கள், பேசினால் நம்மைப் பற்றித்தான் பேசுவார்கள் என்று பயம். அதனால் வருஷா வருஷம் மழை விட்டதும் தண்டோரா போடச் சொல்வான். “டம் டம் டம், மூட்டை கட்டு! டம் டம் டம், வண்டி பூட்டு! டம் டம் டம், ஊர் மாறு!” உடனே கிழக்குக் கோட்டைக்காரன் தெற்குக் கோட்டைக்கு, தெற்குக் கோட்டைக்காரன் மேற்குக் கோட்டைக்கு, மேற்குக் கோட்டைக்காரன் வேறெங்கோ. மந்திரியும் மாறணும், வண்ணாரும் மாறணும்.

இன்னொரு சட்டமும் போட்டிருந்தான். கையில் அரண்மனை முத்திரை இல்லாமல் எவன் கோட்டை வாசலுக்கு வந்தாலும், உள்ளே இருக்கிற ஒருத்தர் வந்து ‘எனக்கு இவரைத் தெரியும்’ என்று சொன்னால்தான் கதவு திறக்கும்.

அது போதாதென்று, ராஜா முகத்தை யாரும் நிமிர்ந்து பார்க்கக்கூடாது, காலைத்தான் பார்க்கணும். ஆக, அந்த நாட்டில் எல்லாருக்கும் ராஜாவின் செருப்பைத் தெரியும், மூஞ்சி தெரியாது. செம்பாயி ஒருத்திதான் ஒரு தடவை கதவிடுக்கு வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, “இந்த மூஞ்சிக்கா இத்தனை பேர் குனியறாங்க?” என்றாள். மாசானம் அவள் வாயைப் பொத்தினான்.

இப்போது அந்தக் காலத்து வழக்கம் ஒன்று சொல்கிறேன், கேளுங்கள். புது வீட்டில் பால் காய்ச்சிக் குடிபோனால், முதல் உறைமோர் பக்கத்து வீட்டில்தான் வாங்கணும். வாங்கின கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பித் தரக்கூடாது. இவள் நாலு நெல்லிக்காய் போட்டுக் கொடுப்பாள், அவள் ஒரு பிடி வெந்தயம் போட்டு அனுப்புவாள். கிண்ணம் போய், வந்து, மறுபடி போய், கடைசியில் அது யார் வீட்டுக் கிண்ணம் என்பதே மறந்துபோகும். அக்கம்பக்கம் என்றால் அதுதான். கதவில் கேமரா வைத்துப் பார்ப்பது இல்லை.

செம்பாயியும் அப்படித்தான் முதலில் கிழக்குக் கோட்டையில் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள். ஆனால் வண்டி வந்து சேர்ந்ததே அந்தி சாய்ந்து. அடுப்பு மூட்டி, பால் காய்ச்சி, அவள் போய்க் கதவைத் தட்டும்போது அந்த வீட்டில் விளக்கு ஏற்றியாகிவிட்டது. விளக்கு வைத்தபின் உப்பு, ஊசி, உறைமோர் மூன்றும் வீட்டை விட்டுப் போகக்கூடாது, லட்சுமி கூடவே போய்விடுவாள் என்பார்கள். செம்பாயிக்கும் இது தெரியும். வழிக் களைப்பில் மறந்துவிட்டாள்.

“விளக்கு வச்சப்புறம் உறைமோருக்கு வந்து நிக்கிறாளே! எந்த ஊர் பழக்கமோ!” என்றாள் அந்த வீட்டுக்காரி. கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

எந்த ஊர்! அந்தக் கேள்விக்குத்தானே இவளிடம் பதில் இல்லை? வந்து அழுதாள். அழுது முடித்து, “இனி ஒருத்தி வாசல்லயும் கிண்ணத்தோட நிக்கமாட்டேன்” என்றாள். மறுநாள் காலையில் போய்க் கேட்டிருந்தால் அதே அம்மாள் கொடுத்திருப்பாள், ரெண்டு வார்த்தை பேசியும் இருப்பாள். போகவில்லை. ரோஷம். தெருவோடு போன தயிர்க்காரியிடம் தயிர் வாங்கி, ஒரு மண் கலயத்தில் தானே உறை வைத்துக்கொண்டாள். அப்புறம் ஊர் மாறும்போதெல்லாம் கலயம் அவள் மடியில்.

தெற்குக் கோட்டையில் பக்கத்து வீட்டுக்காரி தானாகவே வந்தாள். “புதுசா வந்திருக்கீங்களே, உறைக்கு என்ன செஞ்சீங்க?”

“எங்கிட்ட இருக்கு.”

மேற்குக் கோட்டையில் எதிர்வீட்டுக்காரி கிண்ணத்தோடேயே வந்தாள். “உறைமோர் கொண்டாந்தேன், எடுத்துக்குங்க.”

“எங்கிட்ட இருக்கு.”

“ஒரு கரண்டி மோர் வாங்கினா நீ குறைஞ்சா போயிடுவே?” என்றான் மாசானம்.

“நாளைக்கு விட்டுட்டுப் போறவளுக்கு இன்னைக்கு எதுக்குச் சிநேகம்?” என்றாள்.

அவன் காலையில் வாசலுக்குப் போனால் இருட்டித்தான் வருவான். பகல் முழுக்க இவள் கலயத்தோடு பேசிக்கொண்டிருப்பாள். “என்னடி, உறைஞ்சியா? இன்னைக்கு ஏன் தண்ணி விட்டுக்கிட்டே?” என்று கேட்பாள். கலயம் என்ன சொல்லும்? ஒன்றும் சொல்லாது. நீங்கள் பள்ளிக்கூடத்துக்குப் போனபின் வீடு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. சரி, கதைக்கு வருவோம்.

மேற்குக் கோட்டையில் மாசானத்துக்குக் காய்ச்சல் வந்தது, போய்ச் சேர்ந்துவிட்டான். வாசற்காவலர்கள் தூக்கிப்போனார்கள். எதிர்வீட்டுக் கதவு திறந்தது, பார்த்தது, மூடிக்கொண்டது. செம்பாயி தனியாகவே அழுதாள். கட்டிப்பிடித்து அழ ஆள் இல்லாவிட்டால் அழுகைகூடச் சீக்கிரம் முடிந்துவிடும், அதுதான் கொடுமை. மறுநாளே புது வாசற்காரன் முத்திரையோடு வந்து, “வீட்டைக் காலி பண்ணும்மா” என்றான்.

கலயத்தை எடுத்துக்கொண்டு தெற்குக் கோட்டைக்கு நடந்தாள். “உன்னை யாருக்குத் தெரியும்?” என்றான் வாசற்காரன். உள்ளே பார்த்துக் கூவினான். ஒருத்தரும் வரவில்லை.

கிழக்குக் கோட்டைக்கு நடந்தாள். “உன்னை யாருக்குத் தெரியும்?” ஒருத்தரும் வரவில்லை.

கடைசியில் ராஜா இருக்கிற நடுக்கோட்டைக்கே நடந்தாள். “உன்னை யாருக்குத் தெரியும்?” அவள் அகழிக்கரையில் உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பக்கம் ஆடு மேய்த்த கிழவர் ஒருத்தருக்கு ஆடுகளைப் பார்த்துக்கொண்டாள், அவர் சாயங்காலம் ஒரு சொம்பு பால் கொடுப்பார். பாலைக் காய்ச்சி, கலயத்தில் உறை ஊற்றி, காலம் ஓட்டினாள். இப்போது அவளுக்கு ஒரே ஆசைதான் மிச்சம். உள்ளே இருந்து ஒரே ஒரு ஆள், ‘இவளை எனக்குத் தெரியும்’ என்று சொல்லணும்.

அங்கே ராஜா என்ன செய்தான்? வேட்டைக்குப் போனான். மான் பின்னால் ஓடிப் பரிவாரத்தைத் தொலைத்தான். வேர்க்கிறதே என்று கிரீடம், பட்டு, செருப்பு மூன்றையும் கரையில் வைத்துவிட்டுக் குளத்தில் இறங்கினான். குரங்குகள் வந்தன. ஒன்று கிரீடத்தை, ஒன்று பட்டை, ஒன்று செருப்பைத் தூக்கிக்கொண்டு மரத்துக்கு மரம் தாவிப் போயே போய்விட்டன. பரிவாரமோ செருப்புக் காலைத் தேடிக் காடெல்லாம் அலைகிறது. இவன் வெறுங்காலோடு, கோவணத்தோடு, நடுக்கோட்டை வாசலுக்கு வந்து நின்றான்.

“டேய், கதவைத் திற!”

“யாருய்யா?”

“ராஜாடா!”

“ராஜாவா? செருப்பு எங்கே?”

“மடையா, என் மூஞ்சியைப் பாருடா!”

“ஐயோ, அது குத்தம். ராஜா மூஞ்சியைப் பாக்கக்கூடாது” என்று வாசற்காரன் கண்ணை இறுக்க மூடிக்கொண்டான்.

“மந்திரியைக் கூப்பிடு!”

“பழைய மந்திரி மாறிப் போயிட்டாரு, புது மந்திரி இன்னும் வந்து சேரலை. உள்ளே உன்னைத் தெரிஞ்சவங்க யாராச்சும் இருந்தா பேரைச் சொல்லு.”

ராஜா யோசித்தான். ஒரு பேரும் தெரியவில்லை. எவனைத்தான் அவன் ஒரு வருஷத்துக்குமேல் வைத்திருந்தான்? ஆத்திரத்தில் திரும்பினவன் காலருகே ஒரு கலயம். உதைத்தான் பாருங்கள் ஒரு உதை! கலயம் சுக்குநூறு, தயிர் மண்ணோடு மண்.

செம்பாயி நிமிர்ந்து பார்த்தாள். அன்றைக்குக் கதவிடுக்கில் பார்த்த அதே மூஞ்சி.

“என்னைத் தெரியுதில்ல? சொல்லு அவன்கிட்ட!” என்றான் ராஜா.

கலயத்தை உடைத்தவன்தான், ஆனாலும் அவள் பொய் சொல்லவில்லை. “ஆமாய்யா, இவன் ராஜாதான்” என்றாள்.

வாசற்காரன் சிரித்தான். “ஏம்மா, உன்னையே யாருக்கும் தெரியாது. வெளியே கிடக்கிறவ சாட்சி செல்லாது. சட்டம் ராஜா போட்டது, நானா போட்டேன்?”

அன்றைக்கும் சாயங்காலம் பால் வந்தது. காய்ச்சினாள். உறை ஊற்றக் கலயமும் இல்லை, மோரும் இல்லை. விட்டால் காலையில் திரிந்துபோகும். வெகுநேரம் பாலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் எழுந்து, கோட்டைக் கதவில் ஆள் நுழைய ஒரு சின்னக் கதவு இருக்குமே, திட்டிவாசல், அதைத் தட்டினாள்.

“அம்மா… யாராச்சும் இருக்கீங்களா? கொஞ்சம் உறைமோர் கிடைக்குமா?”

வாசலை ஒட்டின வீட்டில் பவளாத்தாள் என்று ஒருத்தி இருந்தாள். கொஞ்சம் வெகுளி. அப்போதுதான் விளக்கு ஏற்றியிருந்தாள்.

“யாரு, உறைமோரா? விளக்கு வச்சாச்சே அக்கா!”

செம்பாயிக்கு மறுபடியும் அதே பேச்சு. திரும்ப ஒரு அடி எடுத்து வைத்தாள்.

“இரு இரு, போயிடாதே!” என்றாள் பவளாத்தாள். “இந்த ஊருக்கு வந்து என்கிட்ட ஒண்ணு கேட்டவ நீ ஒருத்திதான். இப்ப என்ன, விளக்கு வச்சாத்தானே கொடுக்கக்கூடாது?” என்று சொல்லி, உள்ளே போய், ஊஃப் என்று விளக்கை ஊதி அணைத்தாள். இருட்டில் தடவித் தடவி ஒரு கிண்ணத்தில் உறைமோர் எடுத்துவந்து திட்டிவாசல் இடுக்கு வழியாகக் கொடுத்தாள். கொடுத்துவிட்டுப் போய் மறுபடி விளக்கை ஏற்றினாள். லட்சுமிக்கு ஒன்றும் விளங்கியிருக்காது, அங்கேயே இருந்துவிட்டாள்.

அப்புறம் என்ன? கிண்ணம் தயிரோடு திரும்பிப் போனது. போன கிண்ணம் வெந்தயத்தோடு வந்தது. வந்த கிண்ணம் அகழிக்கரைக் கீரையோடு போனது. ராஜா ஒரு ஓரமாக உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தான். மழைக்காலம் வந்து போனபின் ஒரு நாள் வாசற்காரன் கேட்டான், “ஏம்மா பவளாத்தா, இந்தப் பொம்பளையை உனக்குத் தெரியுமா?”

“தெரியாம என்ன? புளிச்சா பிடிக்காது, கோபம் வந்தா கிண்ணத்தோட பேசுவா, புருஷன் பேரைச் சொன்னா அழுவா. என் அக்கா அவ. வேற என்ன தெரியணும் உனக்கு?”

கதவு திறந்தது. செம்பாயி உள்ளே போனாள். அவ்வளவு சின்ன விஷயத்துக்கு அத்தனை கோட்டை சுற்றியிருக்கிறாள், பாவி.

ராஜா எழுந்து ஓடிவந்தான். “அடியே! இப்ப உள்ளே போயிட்டே இல்ல? இப்ப உன் சாட்சி செல்லும். சொல்லு!”

செம்பாயி திட்டிவாசலுக்கு வந்து வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்துப் பின்னால் பவளாத்தாள் பேசினாள். “அக்கா, மழை விட்டு எத்தனை நாளாச்சு, இந்த வருஷம் மூட்டை கட்டச் சொல்லித் தண்டோராவே வரலையே? ராஜாவையே காணோமாம். நான் கொல்லையில ஒரு முருங்கைக் கிளை நடட்டுமா? காய் பறிக்கிறவரைக்கும் இங்கேயே இருக்க விடுவாங்களா?”

திறந்த வாயைச் செம்பாயி மூடிக்கொண்டாள். ஒரு வார்த்தை சொன்னால் ராஜா உள்ளே வருவான். ராஜா வந்தால் தண்டோரா வரும். தண்டோரா வந்தால் பவளாத்தாள் ஒரு வண்டியில், இவள் ஒரு வண்டியில். ஊர் முழுக்க மறுபடி யாருக்கும் யாரையும் தெரியாது.

“நடு” என்றாள்.

உடனே ஏன் மன்னிக்கவில்லை என்று கேட்காதே ஷைலு. அவளுக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. வெளியே உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? தினமும் ஒரு கவளம் தயிர்ச்சோறு திட்டிவாசல் வழியாக வெளியே வைப்பாள். அந்த ஒரு வார்த்தையை மட்டும் வைக்கமாட்டாள்.

முதலில் ராஜா அதட்டினான், “சொல்றியா இல்லையா?” அப்புறம் ஆசை காட்டினான், “உன்னை அரண்மனையில வைக்கிறேன்.” அப்புறம் அதட்டலும் போனது, ஆசை காட்டுகிறதும் போனது.

அந்த வருஷம் ஊர் மாறவில்லை. அடுத்த வருஷமும் மாறவில்லை. முருங்கை காய்த்தது. யாரையும் வேர்பிடிக்க விடாதவனுக்கு, கடைசியில் தன் பேர் சொல்ல ஒரு நாக்கு இல்லை. கதை அவ்வளவுதான். சொன்னவளுக்குத் தொண்டை வறட்சி, கேட்டவர்களுக்குத் தூக்கம், கெட்டவனுக்குக் கோட்டைக்கு வெளியே இடம்.

ஆனால் அந்தி சாய்ந்து வீட்டுக்கு வீடு விளக்கு ஏறும்போது, கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு குரல் கேட்கும். செம்பாயி சோறு பிசைகிற கை அப்படியே நிற்கும். பவளாத்தாள் அவள் முகத்தைப் பார்ப்பாள்.

“உள்ளே யாராச்சும் இருந்தா… என்னைத் தெரியும்னு ஒரு வார்த்தை சொல்லுங்களேன்.”