மூன்றாவது தொட்டி மொஸ்காத்தோ

குளுக்.

கொஞ்சம் இடைவெளி. மறுபடியும், குளுக்.

கண் இருட்டுக்குப் பழகிய பிறகுதான் தொட்டி தெரிந்தது. அதன் தலையிலிருந்த கண்ணாடிக் குழாயில் குமிழ்கள் ஏறி உடைந்துகொண்டிருந்தன.

இத்தாலியின் வடக்கே, மலைமேல் ஒரு கன்னியர் மடம். அதன் நிலவறை. தொட்டிக்குள் மொஸ்காத்தோ. நசுக்கினாலே பூ மணக்கிற வெள்ளைத் திராட்சை. சாறாக இருந்தது மதுவாகிக்கொண்டிருந்தது.

"சிஸ்டர், என்னால முடியல," என்றார் ராயப்பன்.

ஐம்பது வயது. கம்பத்துக்காரர். பன்னீர் திராட்சைப் பந்தலுக்கடியில் வளர்ந்தவர். மடத்துத் தோட்டத்துக்குக் கூலியாக வந்து, மது செய்யக் கற்றுக்கொடுங்கள் என்று கேட்டுச் சீடரானவர்.

குருவுக்கு அவரைவிட வயது குறைவு. சிஸ்டர் செலஸ்தீன், உவரிக் கடற்கரைப் பெண். காலையிலிருந்து இருவரும் தரையில் உட்கார்ந்து பாட்டில் கழுவிக்கொண்டிருந்தார்கள். ராயப்பன் மட்டும் பாதியில் எழுந்து தொட்டியருகே நின்றுவிட்டார்.

"எதுண்ணே முடியல?"

"நிறுத்த."

"மிதவை என்ன சொல்லுது?"

சாறு பிடித்த குழலைத் தூக்கிப் பார்த்தார். சீனி அளக்கும் மிதவை சிவப்புக் கோடுவரை இறங்கியிருந்தது.

"கோட்டுக்கு வந்துருச்சு."

"அப்ப குளிர் ஸ்விட்சைப் போடுங்க. சீனியைத் தின்னுற ஈஸ்ட் தூங்கிரும்."

"அது தெரியும் சிஸ்டர். போன ரெண்டு தொட்டியப்பவும் தெரியும். கைதான் போகமாட்டேங்குது. உள்ள இன்னும் கொதிச்சுக்கிட்டிருக்கே. அரை வேக்காட்டுச் சோத்தை யாராச்சும் இறக்குவாங்களா?"

"அந்த ரெண்டையும் நல்லா வேகவிட்டீங்க. மதர் ஒரு வாய் குடிச்சாங்க. வேப்பெண்ணெய் குடிச்ச பிள்ளை மாதிரி மூஞ்சி போச்சு."

ராயப்பன் சிரிக்கவில்லை.

இந்த வருஷத்துப் பழத்தில் மிச்சம் இந்த ஒரு தொட்டிதான். இதுவும் கசந்தால் கொடிகளைப் பிடுங்கிவிட்டு ஹேசல் கொட்டை மரம் வைப்பதாக மடத்துத் தலைவி மதர் சொல்லிவிட்டார். ராயப்பன் ஊருக்குப் போகவேண்டியதுதான். செலஸ்தீனுக்கோ வேறு மடத்துக்கு மாற்றல் வந்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறார்.

குளுக். குளுக்.

"இதே பழத்தைப் பாய்ல காயப்போட்டுப் பிழிஞ்சா தேன் மாதிரி வருது. நுரையை உள்ளயே அடைச்சு வச்சா கார்க்கு கூரைக்குப் பறக்குது. முழுசா விட்டா கசப்பு. நடுவுல நிறுத்தினா இனிப்பும் கொஞ்சம் நுரையும். இதுல எது சிஸ்டர் நிஜ மொஸ்காத்தோ? அதை மட்டும் சொல்லுங்க, நிறுத்திர்றேன்."

"நீங்க கேட்டு முடிக்கிறதுக்குள்ள மிதவை இன்னும் ஒரு மயிரிழை இறங்கியிருக்கும்."

"அப்ப நீங்களே போட்டுருங்களேன்."

"நான் போயிட்டா யாருண்ணே போடுவா?"

ராயப்பன் கை ஸ்விட்ச்வரை போனது. நின்றது. வேர்வையைச் சட்டையில் துடைத்துக்கொண்டது.

செலஸ்தீன் பாட்டிலைக் கீழே வைத்தார்.

"நான் மடத்துல சேர்ந்ததுலேருந்து எங்கப்பா என்கிட்ட ஒரு வார்த்தை பேசல. இந்த நாட்டுக்கு வர்ற அன்னைக்கு ஊர்ல பஸ் ஏறுறேன். எல்லாரும் வழியனுப்ப வந்திருக்காங்க. அவரைத் தவிர."

ராயப்பன் திரும்பினார்.

"பஸ் கிளம்பிருச்சு. அப்ப கரையிலேருந்து ஒருத்தர் ஓடியாறார். இடுப்புல ஈரச் சாரம். அப்பாதான். ஒரு கையை இறுக்கிப் பொத்திக்கிட்டு பஸ்ஸோடவே ஓடுறார். என் ஜன்னலுக்கு நேரா வந்தார். கையை நீட்டினார். ஒவ்வொரு விரலா விரிச்சார்..."

செலஸ்தீன் அதோடு நிறுத்திக்கொண்டார்.

"கைல என்ன இருந்துச்சு?"

அவர் அடுத்த பாட்டிலை எடுத்தார்.

"சிஸ்டர். என்ன இருந்துச்சு?"

"அந்த பிரஷை இப்படித் தள்ளுங்க."

"என்ன சிஸ்டர் இது! வாய்வரைக்கும் கொண்டாந்துட்டு, பாதியில நிறுத்தி..."

சொன்னது அவர் காதிலேயே விழுந்தது.

செலஸ்தீனின் முகத்தைப் பார்த்தார். அதில் அந்தக் கை இன்னும் திறந்துகொண்டேயிருந்தது.

ராயப்பன் ஸ்விட்சைப் போட்டார்.

இயந்திரம் ஒரு முறை அதிர்ந்து ஓடத் தொடங்கியது. செலஸ்தீன் நிமிர்ந்து பார்க்கவில்லை.

ராயப்பன் வந்து எதிரே உட்கார்ந்தார். எதுவும் கேட்கவில்லை. தண்ணீருக்குள் கைவிட்டு ஒரு பாட்டிலை எடுத்து, உள்ளே ஒட்டியிருந்த அழுக்கைத் தேய்க்க ஆரம்பித்தார்.