கொக்கி மாட்டிய வெளிச்சம்

எந்த மாநிலம் என்று கேட்காதீர்கள்; மேடை போடும் ஊரெல்லாம் அந்த மாநிலம்தான். அங்கே ஒரு மந்திரி திருட்டுக்குக் கடுமையான புதுச் சட்டம் கொண்டுவர இருந்தார். அதை விளக்க ஆற்றங்கரையில் பொதுக்கூட்டம். அந்தி மயங்கும் நேரம். சீரியல் பல்புகளின் ஒளி நீரில் விழ, ஆறே பூத்து மிதப்பதுபோல் இருந்தது.

மேடையோரம் செங்கமலம் என்ற பெண்ணைப் போலீஸ் நிறுத்தியிருந்தது. பண்ணையார் தோப்பில் விழுந்து கிடந்த தென்னைமட்டையை அடுப்பெரிக்க எடுத்தவள்; அந்த மட்டையும் அவள் காலடியில் கிடந்தது.

"இவளைப் பாருங்கள்!" என்று முழங்கினார் மந்திரி. "அடுத்தவன் பொருளைக் கேட்காமல் எடுத்தால், மட்டையானாலும் ஏழு வருஷம். யாராயிருந்தாலும் சரி!"

அவள் புருஷன் வேலப்பன்தான் அன்றைக்கு மைக் செட்காரன். மூங்கில் கழியால், தெரு மின்கம்பியில் மேடைக்குக் கரண்ட் எடுக்க மாட்டியிருந்த கொக்கியைத் தட்டிவிட்டான். விளக்கும் மைக்கும் ஒன்றாக அணைந்தன.

"டேய், கரண்டைப் போடுடா!" இருட்டில் மந்திரியின் குரல் சிறுத்துக் கேட்டது.

"போடுறேங்க ஐயா. ஆனா அது சர்க்கார் கம்பி. யாரையும் கேட்காம மாட்டச் சொன்னது உங்க ஆளுங்க. மட்டைக்கு ஏழு வருஷம்னா, இத்தனை வெளிச்சத்துக்கு உங்களுக்கு எத்தனைங்க? அதை மட்டும் சொல்லிடுங்க, மாட்டிடுறேன்."

கூட்டம் சிரித்தது. மந்திரியை எதிர்த்து ஆயிரம் துண்டறிக்கைகள் அச்சடித்தாலும் எழுப்ப முடியாத சிரிப்பு அது.

"அந்தம்மாவை விட்டுத் தொலைங்கய்யா," என்று முனகிவிட்டு மந்திரி காருக்கு நடந்தார்.

செங்கமலம் மட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினாள். வேலப்பன் பின்னால் போனான். ஆற்றுக்கு மேலே நிலா வந்திருந்தது. அதற்கு யாரும் கொக்கி மாட்டியிருக்கவில்லை.