இருபத்திரண்டு பல்லி

ஒரு ஊர்ல ஒரு ஜெராக்ஸ் கடைக்காரி இருந்தாளாம். பேரு சிந்தாமணி. நீ ம் கொட்டணும், கொட்டாட்டி கதை அங்கயே நின்னுடும். ஆங், கொட்டிட்டியா? சரி.

அவ கடைல மிஷின் நாள் பூரா கர்ர்ர் டக், கர்ர்ர் டக்னு ஓடும். பக்கத்துல ஒரு பழைய கம்ப்யூட்டர். மனு அடிக்கணுமா, கல்யாணப் பத்திரிகை அடிக்கணுமா, ஊரே அவகிட்டதான் வரும். வந்தவங்க தாளை வாங்கி, "அண்ணே, 'அவர்கலுக்கு' இல்லண்ணே, 'அவர்களுக்கு'. பெரிய ள"ன்னு திருத்தித்தான் அடிச்சுக் குடுப்பா. பிழைன்னா அவளுக்கு ஆகவே ஆகாது.

அப்புறம், அந்த ஊர் லைப்ரரில வருஷா வருஷம் ஒரு விருது குடுப்பாங்க. உன்னை மாதிரி எழுத்துக் கூட்டிப் படிக்கிற வாண்டுகளுக்குன்னு வந்த புத்தகத்துல எது நல்லதோ, அதுக்கு. ஜெயிச்ச புத்தகம் சுத்துப்பட்டுல இருக்க முப்பது பள்ளிக்கூடத்துக்கும் போகும். சிந்தாமணிக்கு அது மேலதான் கண்ணு. தான் எழுதினதை முப்பது பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க மடில வச்சுப் படிக்கணும்னு அவளுக்குத் தீராத ஆசை.

அப்போ உக்காந்து எழுதினா ஒரு குட்டிப் புத்தகம். 'என் பள்ளி'ன்னு பேரு. அட்டைல பேரைக் கையாலயே அழகா எழுதினா. உள்ள எல்லாம் லேசான எழுத்து, லேசான வார்த்தை. டிக் டிக் டிக்னு கம்ப்யூட்டர்ல தட்டினா. அதுல இங்கிலீஷ் 'எல்' பட்டனைச் சும்மா தட்டினா ல வரும். ஷிஃப்ட்டுன்னு இன்னொரு பட்டனை அமுக்கிக்கிட்டுத் தட்டினாத்தான் ள வரும். அந்த ஷிஃப்ட் பட்டன்ல முந்தின நாளு டீ கொட்டிச் செத்துப் போச்சு. அவ கவனிக்கல. எழுதினவ கண்ணுக்குத் தான் நினைச்சதுதானே தெரியும்? பத்து தடவ படிச்சும் பத்து தடவையும் சரியாத்தான் இருந்துச்சு.

என்ன ஆச்சுன்னு புரியுதா? ம்? புரியலையா, இரு, வருது.

லைப்ரரிக்கு மூணு புத்தகம் வந்துச்சு. ஒவ்வொண்ணுலயும் ரெண்டு காப்பி, பிள்ளைங்க மேசைக்கு ஒண்ணு, நடுவருக்கு ஒண்ணு. முதல் புத்தகம் பளபளன்னு, கதவு அகலத்துக்கு. ரெண்டாவது 'நல்லொழுக்கம் நாற்பது'. காலைல எந்திரி, பல்லு விளக்கு, எதிர்த்துப் பேசாதேன்னு நாப்பது புத்திமதி. எனக்கும் சின்ன வயசுல அப்படி ஒண்ணு குடுத்தாங்க, நான் அதை வச்சு விசிறிக்கிட்டேன். மூணாவது நம்ம சிந்தாமணியோடது. மூணையும் ஒரு மாசம் பிள்ளைங்க மேசைல போட்டு வச்சாரு லைப்ரரியன் சாகுல் பாய்.

ஒரு நாள் சிந்தாமணி ஜன்னல் வழியா எட்டிப் பாத்தா. ஆறேழு பொடிசுங்க அவ புத்தகத்தைச் சுத்திக் குந்திக்கிட்டு கெக்கெக்கேன்னு உருண்டு சிரிக்குதுங்க. அவளுக்கு ஒரே சந்தோஷம். அப்புறம் நாலு எட்டு நடந்ததும் ஒரு சந்தேகம். "நான் சிரிப்பா ஒண்ணும் எழுதலையே?"

விருது நாளும் வந்துச்சு. நடுவரு புலவர் ஆலாலசுந்தரம். சட்டைப் பைல சிவப்புப் பேனா, முகத்துல சிரிப்பே கிடையாது. "மூன்று சோதனை. மூன்றிலும் தேறும் நூலுக்கே விருது"ன்னாரு.

முதல் சோதனை, புத்தகத்தைப் பிள்ளை ஒத்தக் கைல தூக்கணும். பளபளா புத்தகத்தை ஒரு பொடிசு தூக்கிச்சு. தொம்! புலவர் கால்லயே விழுந்துச்சு. "ஐயோ!" அது வெளிய போச்சு.

ரெண்டாவது, சிவப்புப் பேனா சோதனை. 'நல்லொழுக்கம் நாற்பது'ல முன்னால ரெண்டு பக்கம், பின்னால ரெண்டு பக்கம் புரட்டினாரு. "ஒரு பிழையும் இல்லை." அப்புறம் சிந்தாமணி புத்தகத்தைப் பிரிச்சு, தொண்டையைக் கனைச்சு, சத்தமா வாசிச்சாரு பாரு!

"இது என் பல்லி. என் பல்லி பெரிய பல்லி. என் பல்லிக்குப் பத்து ஜன்னல். பல்லியில் மதியம் சாம்பார் சாதம். மாலையில் வாட்ச்மேன் மாமா பல்லியைப் பூட்டுவார்..."

ஹோன்னு ஒரு சிரிப்பு. நீயும் சிரிக்கிறியா? சிரி, சிரி. ஆனா சிந்தாமணி சிரிக்கல. ஓடிப் போயி பக்கத்தைப் பாத்தா. பல்லி. அடுத்த பக்கம், பல்லி. அதுக்கு அடுத்ததும் பல்லி, பாவம். புலவர் சரக் சரக்னு வட்டம் போட்டு எண்ணினாரு. இருபத்திரண்டு!

"பிழையுள்ள நூலுக்கு விருது கிடையாது."

"தப்பு என்மேலதான் ஐயா. ஊருக்கெல்லாம் திருத்திக் குடுத்தேன், என்னோடதை விட்டுட்டேன்"னு முந்தானைல கண்ணைத் தொடச்சுக்கிட்டா. முப்பது பள்ளிக்கூடமும் கையை விட்டுப் போச்சே!

"ஆக, 'நல்லொழுக்கம் நாற்பது'. மூன்றாவது சோதனை ஒன்றுதான் பாக்கி. மேசைமேல் இருந்த புத்தகத்தை ஒரு பிள்ளை வாசிக்கட்டும்"னாரு புலவர்.

அப்போ அஞ்சலைன்னு ஒரு சின்னப் பொண்ணு வந்தா. ஒண்ணாங்கிளாஸு. புத்தகத்தைப் பிரிச்சா. பிரியல. இழுத்தா. பிரியல.

"தாத்தா, இது ஒட்டிக்கிட்டு இருக்கு."

பாத்தா, பைண்டிங்ல மடிச்ச தாளு ஓரத்தை வெட்டவே இல்ல. நடுவுல இருக்க பக்கமெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டினபடியே இருக்கு. ஒரு மாசமா மேசைல கிடந்த புத்தகம். ஒருத்தரும் உள்ள போகல! புலவர் மெதுவா மேசைக்கு அடில தன் கைல இருந்த புத்தகத்தைப் பிரிச்சுப் பாத்தாரு. அதுவும் ஒட்டித்தான் இருந்துச்சு. மனுஷன் டக்னு மூடிட்டாரு.

"அந்தப் புத்தகத்தையும் கொஞ்சம் பாருங்க ஐயா"ன்னு சாகுல் பாய் மேசைல கிடந்த சிந்தாமணி புத்தகத்தைக் கொண்டாந்து நீட்டினாரு. முனை எல்லாம் மடங்கி, ஒரு பக்கத்துல முறுக்கு எண்ணெய், அட்டை பிஞ்சு செல்லோடேப்பு ஒட்டி இருக்கு. புலவர் பிரிச்சாரு. பிரிச்சவரு அப்படியே நின்னுட்டாரு.

இருபத்திரண்டு பல்லிலயும் ல-வைப் பென்சிலால அடிச்சு, மேல ள எழுதி இருக்கு. ஒரு ள கோணலா, ஒரு ள குண்டா, ஒண்ணு தலைகீழா. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு கை.

"இதை எழுதியது யார்?"ன்னாரு.

"நாங்கதான். அட்டைல பள்ளின்னு இருக்கு, உள்ள பல்லின்னு இருக்கு. பாவம் அந்த அத்தைக்கு ள தெரியல. அதான் திருத்தி விட்டோம்"னா அஞ்சலை.

சிந்தாமணி அழுதுக்கிட்டே சிரிச்சா. புலவரும் நாக்காலில உக்காந்துட்டாரு. "முப்பத்தஞ்சு வருஷம் பிரம்பும் கையுமா இந்த ளகரத்தைச் சொல்லிக் குடுத்தேன். ஒருத்தனும் ஆசையாக் கேக்கல"ன்னாரு. அப்போ முதல் தடவையா அவரு இலக்கணத்துல பேசல, நம்மளை மாதிரியே பேசினாரு.

அப்போ டியூப்லைட்டுக்குப் பின்னாலருந்து ஒரு சத்தம். ச்சு ச்சு ச்சு!

"பல்லி சொல்லிடுச்சு! பல்லி சொல்லிடுச்சு!"ன்னு பிள்ளைங்க குதிச்சுதுங்க. பல்லி சொன்னதுக்கு அப்புறம் என்ன பேச்சு? விருது சிந்தாமணிக்குன்னு புலவரே சொல்லிட்டாரு. டப டப டபன்னு கைதட்டல்.

"ஒரே ஒரு நிபந்தனைம்மா. முப்பது பள்ளிக்கூடத்துக்குப் போகுமுன்ன அத்தனை பிழையையும் திருத்திடணும்"னு சிவப்புப் பேனாவை அவகிட்ட நீட்டினாரு புலவர்.

பிழைன்னாலே ஆகாதவ, அந்தப் பேனாவைப் பாத்தா. பிள்ளைங்களைப் பாத்தா. அப்புறம் மெதுவாத் தள்ளி வச்சா.

"மாட்டேன் ஐயா. நான் திருத்திட்டா, பிள்ளைங்க எதைத் திருத்தும்?"

அவ்வளவுதான். பல்லி சுவத்துக்குப் போச்சு, பிள்ளைங்க பள்ளிக்குப் போச்சு, கதை என் வாய்க்குள்ள போச்சு. கண்ணை மூடு, தங்கம்.