ராஜா குனியாமல் நுழையும் கோழிக்கூடு

முன்னொரு காலத்தில், சண்டை போட எதிரி யாரும் மிச்சமில்லாமல் சலித்துப்போன ஒரு ராஜா இருந்தார். சாவகத் தீவிலிருந்து வந்த கப்பல் வணிகன் ஒருவன் அவருக்கு ஏழு குள்ளக் கோழிகளைக் காணிக்கை வைத்தான். உள்ளங்கையில் உட்காரும் உருவம், படைத்தளபதியின் மிடுக்கு. ராஜாவுக்கு ராஜ்ஜியமே மறந்துபோயிற்று.

“அடைமழை தொடங்குமுன் இவற்றுக்கு அரண்மனைக்குள்ளேயே சின்னதாக ஒரு கூடு எழும்ப வேண்டும்” என்றார்.

பிரதானி அனந்தசயனர் உடனே பழைய விதியை எடுத்து நீட்டினார். அரண்மனை மதிலுக்குள் எந்தக் கட்டடம் எழும்பினாலும், மன்னர் மகுடத்தோடு குனியாமல் நுழைகிற வாசல் அதற்கு இருக்க வேண்டும். மன்னரைக் குனிய வைப்பவன் ராஜத்துரோகி.

விதிப்படியே ஐந்து முழ வாசலோடு கூடு எழும்பியது. கோழிகள் நுழைந்தன. பின்னாலேயே கீரியும் நுழைந்தது, அதுவும் குனியவில்லை. விடிந்தபோது இரண்டு கோழிகளைக் காணோம்.

ராஜா கொதித்தார். விதூஷகன் மருதையன் வாயைத் திறந்தால் ராஜா சிரிக்கிறார், தான் திறந்தால் கொட்டாவி விடுகிறார் என்று பிரதானிக்கு நெடுநாள் வயிற்றெரிச்சல். சமயம் வாய்த்தது.

“பிரபு, இதற்கு மருதையனைப் போன்ற மூளைக்காரன் வேண்டும்” என்றார் தேன் ஒழுக. அவர் கோஷ்டியார் மூவரும் தலையாட்டினார்கள்.

“பத்து நாள் கெடு” என்றார் ராஜா. “விதி மீறினாலும், இன்னொரு கோழி குறைந்தாலும், கரும்புள்ளி செம்புள்ளி குத்திக் கழுதைமேல் எல்லை கடத்துவேன்.”

வாசல் சிறுத்தால் துரோகி. பெருத்தால் கீரிக்கு விருந்து. எந்தப் பக்கம் திரும்பினாலும் கழுதைதான் நின்றது மருதையனுக்கு. கடைத்தெருவில் கூடை முடைகிற பொன்னுத்தாயிடம் போய் நின்றான்.

“கோழிக்கூட்டுக்கு வாசல் எம்புட்டு வைப்பே, ஆத்தா?”

“கோழி நுழையிற அளவு. ஒரு சாண். இதக் கேக்கவா அரமனையில சம்பளம் குடுத்து ஆள் வச்சிருக்காக?”

எதிரே ஒரு ரத்தின வியாபாரி, தலைப்பாகையைக் கையால் பிடித்தபடி, முதுகை வளைத்துப் பல்லக்கிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். மருதையன் அவரையே பார்த்தான்.

“ஆத்தா, ஒரு கூடு முடைய மூங்கில் குடு. நீளமா ரெண்டு கூடப் போடு.”

பத்தாம் நாள் ராஜா சபையோடு வந்து பார்த்தார். நான்கு கால்மேல் இரண்டு முழத்தில் ஒரு கூடு. எச்சம் கீழே விழ இடைவெளி விட்ட மூங்கில் தளம், மழைக்குப் பனையோலைக் கூரை, கோடையில் அதைக் கழற்றிவிட்டு மாட்ட வெட்டிவேர்த் தட்டி. ஒரு சாண் வாசலுக்கு மேலிருந்து இறங்கும் பலகைக் கதவு. சுற்றிலும் கீரியின் கால்தடம். உள்ளே ஐந்து கோழிகளும் நலம்.

“ஒரு சாண் வாசல்! துரோகம், பிரபு” என்றார் பிரதானி.

“விதி கட்டடத்துக்குத்தானே, சுவாமி? இதற்கு அஸ்திவாரம் எங்கே இருக்கிறது, காட்டுங்கள்” என்றான் மருதையன். “இரண்டு பக்கமும் தண்டு நீட்டியிருக்கிறது பாருங்கள். இது பல்லக்கு. மன்னர் தினமும் குனிந்துதான் பல்லக்கு ஏறுகிறார். அதற்காக இதுவரை நீங்கள் யாரையும் துரோகி என்று சொல்லவில்லையே.”

சிரிப்பை அடக்கியதில் ராஜாவின் மீசை துடித்தது. பிரதானி விடவில்லை.

“அப்படியானால் இன்னும் கெட்டாய். அரண்மனைப் பல்லக்குக்குச் சபையில் பதவி வகிப்பவர் மட்டுமே தோள் கொடுக்கலாம். நீ எந்தக் கூலியாளை வைத்துத் தூக்கினாய்?”

“இன்னும் யாரும் தூக்கவில்லை, சுவாமி. இதே இடத்தில் வைத்துத்தான் முடைந்தேன். மழை வலுத்தால் மேட்டுக்கும், வெயில் ஏறினால் புங்கமரத்தடிக்கும் நகர்த்த வேண்டும். யாரைக் கேட்பது என்று பத்து நாளாய் விழித்துக்கொண்டிருந்தேன். விதியைத் தாங்களே சொல்லிவிட்டீர்கள்.”

ராஜா சிரித்த சிரிப்பில் கோழிகள் மிரண்டு கொக்கரித்தன. கழுத்து முத்துமாலையைக் கழற்றி மருதையனுக்குப் போட்டார். “விதி விதிதான், பிரதானியாரே. உம்மோடு தலையாட்டுகிற மூவரையும் சேர்த்துக்கொள்ளும். நாலு தோள் சரியாக வரும்.”

அந்த வருஷம் ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் மழை விடவே இல்லை.